ஆல்டோ வரிசையில் இருந்து கேட்ட விட்னி

2009 செப்டம்பர் 1, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க். ஒரு தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிக்காக அங்கே மேடை போட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் 'ஐ லுக் டு யூ' ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்திருந்தது. நடுவில் வந்த கிறிஸ்துமஸ் ஆல்பத்தைக் கழித்துவிட்டால், ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் கொண்டுவந்த புதுப் பாட்டுகள். பூங்கா நிறையக் கூட்டம். மேடையில் மகளும் இருந்தாள். பாட ஆரம்பித்தால் தொண்டை கட்டியிருக்கிறது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் பிசிறுகிறது. கூட்டத்தைப் பார்த்து அவரே மன்னிப்புக் கேட்டார். டிவியில் பேட்டி எடுப்பதில் பேர்போன ஓப்ரா வின்ஃப்ரேயின் பேட்டிக்காகப் பேசிப் பேசியே குரல் போய்விட்டது என்று சொன்னார்.

இதைச் சாக்கு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். நான் தொடக்கப் பள்ளி டீச்சர். இத்தனை வருஷமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலை முதல் மாலை வரை கத்திவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கொயர் பயிற்சிக்குப் போய் நிற்பவள். பாடுவதால் தொண்டை கெட்டது என்று நான் சொன்னதே கிடையாது. கெடுவதெல்லாம் பேசுவதால்தான். பேசும்போது ஒரு பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. பாடும்போதாவது மூச்சைக் கவனித்து, வாயைத் திறந்து, முறையாகச் செய்வோம். பேசும்போது, அதிலும் அழுகையை அடக்கிக்கொண்டு பேசும்போது, ஒரு முறையும் கிடையாது. எங்கள் கொயர் மாஸ்டர் சார் ஈஸ்டருக்கு முந்தின நாள் எங்களை வீட்டில் சண்டை போடக்கூடாது என்பார். வேடிக்கையாகச் சொல்வதாகப் புதுப் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆக, விட்னியின் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்துக்கு நடந்தது இதுதான். பட்ட கஷ்டங்களைச் சொல்லச் சொல்லி அவரைப் பேச வைத்தார்கள். அந்தப் பேச்சே ஆல்பத்தைப் பாட வேண்டிய குரலைத் தின்றுவிட்டது. கொஞ்ச நாளில் பேட்டி ஒளிபரப்பானதும் உலகம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பதினோரு பாட்டும் கேட்பாரில்லாமல் ஒரு மூலைக்குப் போய்விட்டன.

விட்னி எங்கள் வீட்டுக்கு வந்தது மஸ்கட் வழியாக. அண்ணன் அங்கே வேலை பார்த்தான். லீவுக்கு வரும்போது டாங் டப்பா, யார்ட்லி பவுடர், மைனிக்குச் சேலை இவற்றோடு ஒரு டேப் ரெக்கார்டரும் சில கேசட்டுகளும் கொண்டுவந்தான். அதில் ஒன்று 'தி பாடிகார்ட்' படப் பாட்டு. படம் 1992-ல் வந்தது, கேசட் எங்களிடம் வந்தபோது ஒரு வருஷம் கடந்திருக்கும். அண்ணனுக்கு அவள் யார் என்று தெரியாது. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறான். நெய்யூர் வீட்டு முன்னறையில், வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தபோது அதைப் போட்டோம். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் இல்லை அல்லவா? அம்மா சமையலறையில் இருந்து, "கேசட்டு நின்னு போச்சா?" என்று கேட்டாள். அப்படி வாத்தியமே இல்லாமல் தொடங்கலாம் என்ற யோசனை அந்தப் படத்தில் நடித்த கெவின் காஸ்ட்னருடையது என்று பிறகு படித்தேன். டாலி பார்ட்டன் 1974-ல் வெளியிட்ட அமைதியான பாட்டு அது. விட்னி பாடியது அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அப்போது நான் சோப்ரானோ. குமரி மாவட்டத்தின் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, லேஸ் பின்னல் எல்லாம் அவர்களோடு வந்தன. நாலு குரலில் பாடும் பழக்கமும் அப்படித்தான் வந்தது. இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய சோல்ஃபா முறையில், கோடுகள் இல்லாமல் டோ ரே மீ எழுத்துகளாகவே ஸ்வரம் எழுதிய தாள்கள் எங்கள் கொயர் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. நாலாக மடித்து, கரையான் தின்றது போக மிச்சம். பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ. பாட்டின் மெட்டு சோப்ரானோவுக்கு. ஆல்டோ அதற்குக் கீழே வேறொன்றைப் பாடும். அதைத் தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே சிலசமயம் தெரியாது.

அதனால் விட்னியின் குரலை நான் கேட்டது, சினிமாப் பாட்டுக் கேட்கிற காதால் அல்ல. எங்கே மூச்சு எடுக்கிறாள், தலைக் குரலுக்கு எந்த இடத்தில் மாறுகிறாள் என்று திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். கேசட்டின் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றினால் மோட்டார் கெடாது. அவளும் கொயரில் வளர்ந்தவள் என்று தெரிந்தபோது ஆச்சரியம் வரவில்லை. நியூஜெர்சியில் நுவார்க் என்ற ஊர், அங்கே நியூ ஹோப் பாப்டிஸ்ட் சபை. அம்மா சிஸ்ஸி ஹூஸ்டன்தான் அங்கே பாட்டுக்குப் பொறுப்பு. அவரே பெரிய பாடகி, எல்விஸுக்கும் அரேத்தா ஃபிராங்க்ளினுக்கும் பின்குரல் பாடியவர். டியான் வார்விக் ஒன்றுவிட்ட அக்கா முறை. விட்னி சிறுமியாக முதலில் தனியாகப் பாடியது 'கைட் மீ ஓ தௌ கிரேட் ஜெகோவா' என்று சொல்வார்கள். அதே பாட்டை எங்கள் ஆங்கில ஆராதனையிலும் பாடுவோம். அவர்கள் பாடுவது வேறு மாதிரி, நாங்கள் பாடுவது ஏதோ நாலு பேர் நடந்து போவதுபோல நேராக இருக்கும். ஆனாலும் பாட்டு அதுதான்.

அவள் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். 1983-ல் இசைக் கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ் ஒப்பந்தம் போட்டார், 1985-ல் முதல் ஆல்பம், அப்புறம் தொடர்ந்து ஏழு பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம். 1992 ஜூலையில் பாடகர் பாபி பிரவுனோடு கல்யாணம், அடுத்த வருஷம் மகள். இறங்கிய கதையும் தெரிந்ததுதான், அதை நான் நீட்டப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், 2009-ல் நடந்தது முதல் தடவை அல்ல.

2002 டிசம்பரில் 'ஜஸ்ட் விட்னி' என்று ஒரு ஆல்பம் வந்தது. அது வரும் வாரத்துக்குச் சற்று முன் டிவியில் டயான் சாயருக்கு ஒரு பேட்டி கொடுத்தார். போதைப் பழக்கம் பற்றிக் கேள்வி. கிராக் மலிவான சரக்கு, நான் சம்பாதிக்கிற காசுக்கு அதைத் தொடுவேனா என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னார். அந்த ஒரு வரி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தில் இருந்து ஒரு பாட்டின் பெயர் சொல்லச் சொல்லுங்கள், விட்னி பைத்தியம் என்று சொல்லிக்கொள்பவர்களே முழிப்பார்கள். இத்தனைக்கும் அதில் இருந்து முதலில் தனியாக வெளியிட்ட பாட்டே, என்னை என்ன முறைத்துப் பார்க்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்களைக் கேட்கிற பாட்டு. பார்க்காதே என்று பாட்டுப் போட்டுவிட்டு, வந்து பார் என்று பேட்டியும் கொடுத்தால் யார் என்ன செய்வது? விற்கிறவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, 2009-க்கு வருகிறேன்.

தங்கச்சி மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டுகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான். கொடுக்கும்போதே, "பெரியம்மா, எதிர்பார்த்துக் கேக்காதீங்க. கொரலு போயிட்டு," என்று சொல்லிவிட்டாள். அவள் மட்டுமா, அப்போது எல்லோரும் அந்த ஆல்பத்தை டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். இந்த இடத்தில் கரகரப்பு, இந்த இடத்தில் மூச்சு போதவில்லை, பார்த்தாயா, போதை செய்த வேலை. பாட்டு எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

கரகரப்பு இருக்கத்தான் செய்தது, இல்லை என்று சாதிக்கவில்லை. 46 வயதுப் பெண்ணின் குரல் அது. புகை பிடித்தால் குரல் நாணில் நீர் கோத்து வீங்கும், வீங்கினால் தடிக்கும், தடித்தால் சுருதி கீழே இறங்கும். கொக்கெய்ன் உள்ளே இருக்கும் ஈரப்பசையை உலர்த்திவிடும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத, சுக்குக் காப்பிக்கு மேலே எதையும் தொடாத எங்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டினால் குரல் இறங்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் குறைந்து நாண்கள் தடிக்கின்றன. மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். பதிலுக்குக் கீழே புதிதாக ஒன்றிரண்டு கிடைக்கும். இளவயதில் வராத ஒரு கனம் நடுவில் வரும்.

அப்படி ஆனவர்களை எங்கள் சபையில் என்ன செய்வோம்? ஆல்டோவுக்கு மாற்றுவோம், அவ்வளவுதான். சார் கூப்பிட்டு, "அடுத்த வாரம் முதல் அந்தப் பக்கம் நின்னுக்கோ," என்பார். நாற்காலி நகரும், தாள் மாறும். யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு மேலே பாடினேன், அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கீழே பாடினேன். முதலில் கொஞ்சம் ரோஷமாக இருந்தது, அது வேறு.

பாப் பாடகிக்கு ஆல்டோ வரிசை கிடையாது. அதுதான் என் வருத்தம். 29 வயதில் எட்டிய ஸ்வரத்தைச் சாகும்வரை எட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டாவிட்டால் குரல் போய்விட்டது என்று அர்த்தம்.

'ஐ லுக் டு யூ' ஆல்பத்தை அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். முதல் பாட்டு 'மில்லியன் டாலர் பில்'. அலிஷியா கீஸும் ஸ்விஸ் பீட்ஸும் சேர்ந்து செய்தது. லோலியட்டா ஹாலவே 1976-ல் பாடிய ஒரு டிஸ்கோ பாட்டின் துண்டை எடுத்து அடியில் ஓட விட்டிருக்கிறார்கள். விட்னி மேலே போகவே முயற்சி செய்யவில்லை. நடுக் குரலிலேயே நின்று, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுகிறாள். அதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அவள் வாழ்க்கை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், நன்றாக இருக்கும் ஒரு பெண் சந்தோஷமாகப் பாடுகிறாள் என்றுதான் நினைப்பார். நான் மைனிக்குப் போட்டுக் காட்டினேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, "நல்லாத்தானே பாடுகா," என்றாள். மைனிக்கு ஓப்ராவும் தெரியாது, பாபி பிரவுனும் தெரியாது.

'கால் யூ டுநைட்' இன்னும் எளிமை. எந்த வித்தையும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோன்ற பாட்டு. அந்த ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதிப் பார்த்ததில்லை.

'எ சாங் ஃபார் யூ' பற்றிச் சண்டையே போடலாம். லியான் ரஸ்ஸலின் பழைய பாட்டு. விட்னி இதை 1991-லேயே, வளைகுடாப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக நார்ஃபோக்கில் நடத்திய கச்சேரியில் பாடியிருக்கிறார். இரண்டும் யூடியூபில் கிடைக்கின்றன. 1991-ல் அந்தக் குரலுக்கு எல்லையே இல்லை, எங்கே போனாலும் இடம் இருக்கிறது. 2009-ல் முதல் பாதி மெதுவாக, பியானோவோடு. அந்தப் பாதியில் அவள் ஒவ்வொரு சொல்லையும் இடம் பார்த்து வைக்கிறாள். வயசான கை தையல் போடுகிற நிதானம். அப்படியே விட்டிருந்தால் ஆல்பத்தின் சிறந்த பாட்டாக இருந்திருக்கும். திடீரென்று டான்ஸ் தாளத்தைத் திணித்துக் கெடுத்துவிட்டார்கள். யாருக்கோ பயம், மெதுவாகப் போனால் குரலின் வயது தெரிந்துவிடும் என்று. தெரியட்டுமே!

'ஐ டிட்ன்ட் நோ மை ஓன் ஸ்ட்ரெங்த்' பலருக்கும் பிடித்த பாட்டு, எனக்குப் பிடிக்காது. டயான் வாரன் எழுதி, டேவிட் ஃபாஸ்டர் தயாரித்தது. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பதிவைத் தயாரித்த அதே ஃபாஸ்டர். விழுந்தேன், நொறுங்கினேன், எழுந்துவிட்டேன் என்கிற பாட்டு. குரல் அதில் நன்றாகவே இருக்கிறது, அடியில் இருந்து இருட்டாக எழுகிறது. என் கோபம் பாட்டோடு இல்லை, அதைப் பாட வைத்த நேரத்தோடு.

எங்கள் பக்கத்தில் கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்வார்கள். குடியை விட்டவர், கடனில் இருந்து மீண்டவர், மேடையேறி மைக் முன்னால் அழுதுகொண்டே சொல்வார். பந்தல் நிறைய ஜனம் உருகும். எங்கள் சபையின் பழைய போதகர் ஐயர் ஒருவர் மட்டும் குடியை விட்டவரை ஒரு வருஷமாவது கழியாமல் மேடையேற்ற மாட்டார். அதற்கு அவர் காரணம் எதுவும் சொன்னதில்லை, "இருக்கட்டு, பொறவு பாக்கலாம்," என்று முடித்துவிடுவார். அவசரமாக மேடையேறிய ஒருவரை அடுத்த மாதமே சாயங்கால நேரத்தில் ரோட்டோரம் பார்க்க நேர்ந்தால் தெரியும், அந்த ஆள் மட்டும் விழவில்லை. கைதட்டிய அத்தனை பேரும் அவருக்கு எதிரியாகிவிடுவார்கள்.

விட்னியை அப்படித்தான் மேடையேற்றினார்கள். செப்டம்பர் 14-ஆம் தேதியும் மறுநாளும் ஓப்ரா பேட்டி ஒளிபரப்பானது. கஞ்சாவில் கொக்கெய்ன் கலந்து புகைத்தது, அவர் முகத்தில் புருஷன் துப்பியது, அம்மா சிஸ்ஸி கோர்ட்டு உத்தரவோடும் போலீஸ் அதிகாரிகளோடும் வீட்டு வாசலில் வந்து நின்றது, எல்லாம் வெளியே வந்தது. எல்லாம் முடிந்துவிட்ட கதையாகச் சொல்லப்பட்டது. முடிந்திருக்கவில்லை. 2011-ல் மறுபடியும் சிகிச்சைக்குப் போனார்.

ஆல்பம் ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே 3,05,000 பிரதிகள் விற்று அமெரிக்காவில் முதலிடத்தில் ஏறியது. அவரது எந்த ஆல்பமும் முதல் வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை. கஷ்டத்தின் நிழல் விற்பனையை மறைக்கவில்லை, சொல்லப்போனால் விற்றுக் கொடுத்ததே அந்த நிழல்தான். மறைந்தது பாட்டு.

இந்த இடத்தில் எங்கள் கொயரில் இருந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நான் சேர்ந்தபோது சோப்ரானோவில் முதல் ஆள். அவர் நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தாலே பின்னால் நிற்கும் எங்களுக்குத் தைரியம் வரும். ஒரு வருஷம் அவர் வீட்டில் பெரிய பிரச்சனை. புருஷன் வீட்டை விட்டுப் போய்விட்டார், போன இடமும் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு வந்த அறுப்பின் பண்டிகையில் அக்கா தனியாக ஒரு கீர்த்தனை பாடினார். நான் பின்வரிசையில் நின்று சபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கண்ணும் அவர் கழுத்தில் இருந்தது. மின்னு என்கிற தாலி கிடக்கிறதா, கழற்றிவிட்டாரா? சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார், அதனால் தெரியவில்லை, அதிலே சிலருக்கு ஏமாற்றம். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசியவர்களில் ஒருவரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. "பாவம்," என்றார்கள். "எப்பிடித்தான் நிக்கியாளோ," என்றார்கள். அன்றைக்கு அவர் அந்த இரண்டாம் சரணத்தை எடுத்த விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பல வருஷம் கழித்து அவர் ஆல்டோவுக்கு மாறினார். நானும் மாறிய பிறகு பக்கத்தில் நிற்க வாய்த்தது. ரோஷத்தோடு உம்மென்று நின்ற என்னிடம், "எட்டி, மேல பாடுகவளுக்கு மெட்டு தெரிஞ்சா போரும். நமக்குத்தான் பாட்டு முழுக்கத் தெரியணும்," என்றார். உண்மைதான். மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும் வசதி ஆல்டோவுக்கு இல்லை. மற்ற மூன்று குரலையும் கேட்டுக்கொண்டே நம் வழியை நாம் பிடிக்க வேண்டும். அந்த வேலையில் அவரளவுக்குக் கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை. சோப்ரானோவாக இருந்ததைவிட ஆல்டோவாகத்தான் அவர் பெரிய பாடகி என்பது என் கட்சி. கொயரில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

விட்னிக்கு அந்த இரண்டாவது பாட்டுக் காலம் கிடைக்கவில்லை. ஆல்பத்துக்குப் பிறகு உலகச் சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்தார்கள். 2009 டிசம்பரில் மாஸ்கோ, 2010 பிப்ரவரியில் சியோல், அப்புறம் ஆஸ்திரேலியா. பிரிஸ்பேனில் பாட்டுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் விட்டார், மூச்சு வாங்கினார், சிலர் பாதியில் எழுந்து போனார்கள். ஏப்ரலில் பாரிஸ் கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள், சுவாசக் குழாயில் தொற்று என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். இங்கிலாந்தில் பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. ஒவ்வொரு ஊரிலும் எல்லோரும் காத்திருந்தது ஒரே இடத்துக்கு. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'-வில் நிசப்தம் வந்து, டிரம் ஒரு அடி விழுந்து, சுருதி மாறி மேலே ஏறும் அந்த இடம். பாட்டு முழுவதும் அந்த ஏற்றத்துக்காகவே கட்டியது. எத்தனை கட்டை இறக்கிப் பாடினாலும் ஏற்றம் அங்கேயேதான் இருக்கும். புது ஆல்பத்தின் பாட்டுகள் அவர் குரலுக்குத் தோதானவை, ஆனால் ஜனம் டிக்கெட் வாங்கியது பழைய ஏற்றத்தைப் பார்க்க. பார்க்க என்றுதான் சொல்கிறேன், கேட்க என்று அல்ல. ஏறுகிறாளா, விழுகிறாளா?

இன்னொரு நிழலும் அந்த ஆல்பத்தின் மேல் விழுந்தது, அது அவருடையது அல்ல. 'ஐ லுக் டு யூ' என்ற தலைப்புப் பாட்டை எழுதியவர் பாடகர் ஆர். கெல்லி. 2021-ல் நியூயார்க்கில் பாலியல் குற்ற வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த வருஷம் 30 ஆண்டு தண்டனை. ஜெபம் மாதிரியான பாட்டு அது. எங்கள் கொயர் இளைஞர்கள் ஒரு சமயம் இதை ஒரு சிறப்பு ஆராதனையில் பாடலாமா என்று கேட்டார்கள், சார் தாளையும் எடுத்துவிட்டார். பிறகு யாரோ எழுதியவரின் விவரத்தைச் சொல்ல, தாள் பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை. பாடியவள் என்ன பாவம் செய்தாள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்களை நினைத்தால் வாய் வரவில்லை.

2012 பிப்ரவரி 11, சனிக்கிழமை பிற்பகல், கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்டன் ஹோட்டல் அறையில் விட்னி இறந்தார். குளியல் தொட்டியில் மூழ்கியது, கூடவே இதய நோயும் கொக்கெய்னும் காரணம் என்று பரிசோதனை அறிக்கை சொன்னது. வயது 48. மறுநாள் கிராமி விருது. அன்று இரவு அதே ஹோட்டலில் கிளைவ் டேவிஸின் விருந்து நடந்தது, நிறுத்தவில்லை. அவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் என்றால் நமக்கு ஞாயிறு விடிகிற நேரம். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டிவியில் கீழே எழுத்து ஓடியது. கொயர் அறையில் அங்கி மாட்டிக்கொண்டே இளம் பிள்ளைகள் அதைப் பேசினார்கள், எல்லாம் போதையைப் பற்றி. ஆல்டோ அக்கா மட்டும், "அந்தக் கேசட்டு இன்னும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது. டேப் ரெக்கார்டர்தான் இல்லை.

ஒரு வாரம் கழித்து நுவார்க்கில், அவர் வளர்ந்த நியூ ஹோப் சபையிலேயே அடக்க ஆராதனை. நேரடியாக ஒளிபரப்பினார்கள், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். நான் பார்த்தது கொயரை. அவர்களில் சோப்ரானோ எவர், ஆல்டோ எவர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். பெட்டியை வெளியே கொண்டுபோனபோது ஒலித்தது மறுபடியும் அந்தப் பழைய பாட்டுதான், 1992-ல் பதிவு செய்தது. அது சரிதான், வேறு எதைப் போடுவார்கள்? இருந்தாலும் 'எ சாங் ஃபார் யூ'-வின் முதல் பாதி மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அந்த டான்ஸ் தாளம் வருவதற்கு முன்னால் உள்ள பகுதி.

தங்கச்சி மகளுக்கு இப்போது கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். இந்த விஷயத்தில் எங்களுக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு 1987-ன் விட்னிதான் விட்னி. "பெரியம்மா, நீங்க ஆல்டோல நிக்கியதால அப்பிடிச் சொல்லுதீங்க," என்கிறாள். இருக்கலாம், நிற்கிற இடத்தில் இருந்துதானே கேட்க முடியும்? போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது 'கால் யூ டுநைட்'டைக் காரில் போட்டேன். தக்கலை தாண்டி மார்த்தாண்டம் மேம்பாலம் வரைக்கும் ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு, "இது யாரு?" என்றாள். சொன்னேன். "ஓ," என்றாள். அதற்கு மேலே ஒன்றும் வாங்க முடியவில்லை.

டிசம்பர் பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. சோப்ரானோவுக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள், இந்த வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆல்டோவுக்கு இரண்டு பேர் வேண்டும். நாற்பத்தைந்து தாண்டியிருந்தால் ரொம்ப நல்லது.